பெயிண்ட் ஏன் உரிகிறது?

ஆடி மாதம். ஹட்பேயில் மழை விட்டபாடில்லை.

ஹட்பே, சின்ன அந்தமான் தீவில் இருக்கிறது. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து தெற்கே கப்பலில் போக வேண்டும். 2024 வரை ஸ்ரீ விஜயபுரத்தின் பெயர் போர்ட் பிளேர். இந்தப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும். தேங்கி நின்றால் 10 அடி உயரம் வரும். வைகாசியில் தொடங்கும் மழை மார்கழி வரை விட்டு விட்டுப் பெய்யும். சுற்றிலும் கடல். காற்றிலும் உப்பு.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி ஹட்பேயைப் புரட்டிப் போட்டது. வீடு இழந்தவர்கள் நெடுநாள் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தார்கள். தகரத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும். அதன் சூடும் தெரியும். துருப்பிடித்தால் வரும் ஒழுக்கும் தெரியும்.

அங்கே ஒரு மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. தேங்காய் எண்ணெய் எடுப்பது குழுவின் தொழில். கடன் வாங்கி ஒரு கொட்டகை போட்டார்கள். கூரைக்குப் புதுத் தகரம். மாசி மாதம் அதற்குப் பச்சை எனாமல் பெயிண்ட் அடித்தார்கள். கூரை பளபளவென்று இருந்தது.

ஐந்து மாதம்தான். பெயிண்ட் உரியத் தொடங்கியது. வெங்காயச் சருகு போலப் பச்சைச் சருகுகள் முற்றமெல்லாம் பறந்தன.

யார் மேல் குற்றம்?

குழுவில் சண்டை வந்தது.

"கடைக்காரர் போலி பெயிண்ட் கொடுத்துட்டார்" என்றார் ஒருவர்.

"பெயிண்டர் தின்னரை அதிகமா ஊத்திட்டார்" என்றார் இன்னொருவர்.

பெயிண்டருக்குப் பாதிக் கூலி பாக்கி இருந்தது. அதைக் கொடுக்கக் கூடாது என்று பலரும் சொன்னார்கள். பெயிண்டர் இளைஞர். கல்யாணம் ஆகி ஒரு வருடம்தான் ஆகிறது.

"அக்கா, நான் இரண்டு கோட் அடிச்சேன். ஒரு சொட்டுகூட ஏமாத்தலே" என்று கண் கலங்கினார்.

குழுத் தலைவி யோசித்தார். பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா இருந்தார். மகள் வீட்டில் தங்க வந்தவர். மண்டபத்துக்காரர். ரயில்வேயில் பாலங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாம்பன் பாலத்திலும் வேலை செய்திருக்கிறார்.

தலைவி அவரிடம் போனார். "தாத்தா, நீங்க வந்து ஒரு நியாயம் சொல்லணும்."

"நியாயத்தை நான் எதுக்குச் சொல்லணும் தாயி? அந்தச் சருகே சொல்லும்" என்றார் தாத்தா.

சருகின் அடியைப் பாருங்கள்

தாத்தா ஒரு பச்சைச் சருகை எடுத்தார். எல்லோரும் மேல்பக்கத்தைப் பார்த்தார்கள். அவர் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அது உரிந்த இடத்தையும் பார்த்தார்.

"பெயிண்ட் உரிஞ்சா மூணு விஷயம் பார்க்கணும்" என்றார்.

முதலாவது: உரிந்த இடத்தில் தகரம் பளிச்சென்று தெரிகிறதா? அப்படியென்றால் பெயிண்ட் தகரத்தைப் பிடிக்கவே இல்லை.

இரண்டாவது: மேல் கோட் மட்டும் உரிந்து, கீழ்க் கோட் அப்படியே இருக்கிறதா? அப்படியென்றால் இரண்டு கோட்டுக்கும் நடுவே பிடிப்பு இல்லை. நடுவில் பனியோ தூசியோ படிந்திருக்கலாம்.

மூன்றாவது: சருகின் அடியில் துருவோ சுண்ணாம்புத் தூளோ ஒட்டியிருக்கிறதா? அப்படியென்றால் பெயிண்ட் நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் அது துருவைப் பிடித்தது. துரு இரும்பைப் பிடிக்கவில்லை.

கொட்டகைச் சருகின் அடி சுத்தமாக இருந்தது. தகரமும் பளிச்சென்று இருந்தது.

"பெயிண்ட் தகரத்தைப் பிடிக்கலே. ஏன்னு பார்க்கணும்" என்றார் தாத்தா.

பிடிப்பு என்றால் என்ன?

தோசைக்கல்லில் எதற்கு எண்ணெய் தடவுகிறோம்? தோசை ஒட்டாமல் வருவதற்கு. தகரத்தில் எண்ணெய் இருந்தாலும் அதே கதைதான். பெயிண்ட் ஒட்டாமல் வந்துவிடும். எண்ணெய் தேய்த்த நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு நிற்குமா?

பெயிண்ட் ஒரு பரப்பின் மேல் பரவ வேண்டும். அதைத் தொட்டு, நனைத்து, காய்ந்து பிடிக்க வேண்டும். நடுவில் வேறு எது இருந்தாலும் பெயிண்ட் அதைத்தான் பிடிக்கும். எண்ணெய், தூசி, உப்பு, ஈரம், துரு ஆகிய ஐந்தும் பிடிப்புக்குப் பகை.

புதுத் தகரம் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று நினைப்போம். அது சரியல்ல. தகரம் கெடாமல் இருக்க ஆலையிலேயே அதன் மேல் மெல்லிய எண்ணெயோ மருந்தோ தடவுவது உண்டு. கண்ணுக்குத் தெரியாது.

இங்கே உப்பும் சேர்கிறது. மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டால் தண்ணீர் விடுகிறது அல்லவா? உப்புக்குத் தண்ணீரை இழுக்கும் குணம் உண்டு. பெயிண்டுக்கு அடியில் உப்பு இருந்தாலும் அது ஈரத்தை இழுக்கும். பெயிண்ட் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உள்ளே போகும். அம்மைக் கொப்புளம் போலப் பெயிண்ட் எழும்பும். கொப்புளம் உடைந்தால் உரியும்.

தகரத்தின் மேல் என்ன இருக்கிறது?

கூரைத் தகரம் வெறும் இரும்பு அல்ல. இரும்புத் தகட்டை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிறார்கள். அதன் வெப்பம் சுமார் 450 டிகிரி. அந்தச் சூட்டில் துத்தநாகமும் இரும்பும் சேரும் இடத்தில் ஒன்றோடு ஒன்று கலந்துவிடுகின்றன. அதனால் துத்தநாகம் எளிதில் உரிவதில்லை.

துத்தநாகம் இருக்கும்வரை இரும்புக்குத் துரு வராது. துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. ஆனால் உப்புக் காற்றில் அது சீக்கிரம் கரையும். மேலே பெயிண்ட் இருந்தால் துத்தநாகம் நீடிக்கும். தகரத்துக்குப் பெயிண்ட் அடிப்பதில் அழகு மட்டும் அல்ல, ஆயுளும் இருக்கிறது.

இங்கேதான் ஒரு சிக்கல். சாதாரண எனாமல் பெயிண்ட் எண்ணெயிலிருந்து செய்த பசையால் ஆனது. துத்தநாகமும் ஈரமும் சேர்ந்தால் அந்த எண்ணெய்ப் பசை மெல்ல மெல்லச் சோப்பாக மாறுகிறது. எண்ணெயிலிருந்து சோப்பு செய்வது நமக்குத் தெரியும். அதே மாதிரிதான். பெயிண்டுக்கு அடியில் சோப்பு உண்டானால் என்ன ஆகும்? பிடிப்பு விட்டுப்போகும்.

இது உடனே தெரியாது. முதல் சில மாதம் பெயிண்ட் நன்றாக இருக்கும். பிறகு பெரிய பெரிய துண்டாக வரும்.

"இது எனக்குத் தெரியாதே தாத்தா" என்றார் பெயிண்டர்.

"பலருக்கும் தெரியாது தம்பி. ஆனா நான் சொன்னா மட்டும் போதாது. சோதிச்சுப் பார்த்துடுவோம்" என்றார் தாத்தா.

மூன்று துண்டுத் தகரம்

கூரை முகட்டுக்குப் போட்டது போக, தட்டைத் தகடு கொஞ்சம் மிச்சம் இருந்தது. தாத்தா மூன்று துண்டு வெட்டச் சொன்னார்.

முதல் துண்டைத் துணியால் துடைத்தார்கள். அவ்வளவுதான். மேலே பச்சைப் பெயிண்ட் இரண்டு கோட்.

இரண்டாவது துண்டைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்தார்கள். நல்ல தண்ணீரில் பலமுறை அலசினார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பச்சைப் பெயிண்ட் இரண்டு கோட்.

மூன்றாவது துண்டையும் அதேபோலக் கழுவினார்கள். நனைத்த உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பளபளப்பை மட்டும் போக்கினார்கள். அழுத்தித் தேய்த்தால் துத்தநாகமே போய்விடும். மறுபடி அலசிக் காயவைத்தார்கள். பிறகு துத்தநாகத் தகரத்துக்கு என்றே செய்த பிரைமர் ஒரு கோட். அதன் மேல் பச்சைப் பெயிண்ட் இரண்டு கோட்.

மூன்று துண்டுக்கும் ஒரே டப்பாப் பெயிண்ட். கூரைக்கு அடித்ததில் மிச்சம் இருந்த அதே டப்பா. அடித்தவரும் அதே பெயிண்டர்.

"ஏன் தாத்தா அதே டப்பா?" என்று தலைவி கேட்டார்.

"பெயிண்டையும் மாத்தி, கழுவுறதையும் மாத்தினா, எதனால பிடிச்சதுன்னு எப்படித் தெரியும் தாயி?"

கோடு போட்டுச் சோதிப்பது

பிடிப்பைச் சோதிக்க உலகம் முழுவதும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 2409 என்பது அதன் எண். ஆலைகளில் இதற்கென்று கத்தி இருக்கிறது. தாத்தா புது பிளேடையும் பள்ளிக்கூட ஸ்கேலையும் எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு, சோதனை தொடங்கியது.

1. பெயிண்டின் மேல் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு 6 கோடுகள் கீறினார். கீறல் தகரம் வரை போக வேண்டும்.

2. அதன் குறுக்கே இன்னும் 6 கோடுகள் கீறினார். இப்போது சின்னச் சின்னக் கட்டங்கள் கிடைத்தன. எண்ணிப் பாருங்கள். 25 கட்டங்கள்.

3. மெல்லிய பிரஷ்ஷால் தூளைத் தட்டினார்.

4. ஒட்டும் டேப்பை அதன் மேல் ஒட்டி, விரலால் நன்றாக அழுத்தினார்.

5. ஐந்து நிமிடத்துக்குள், சாய்வாக, ஒரே சீராக டேப்பை உரித்தார்.

6. எத்தனை கட்டம் போனது என்று எண்ணினார்.

கோட்டின் இடைவெளி பெயிண்டின் கனத்தைப் பொறுத்தது. கனத்தை மைக்ரான் என்ற அளவில் சொல்வார்கள். 1000 மைக்ரான் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர். தகரத்தின் மேல் இருக்கும் பெயிண்ட் 60 மைக்ரான் வரை இருந்தால் 1 மில்லிமீட்டர் இடைவெளி போதும். 120 மைக்ரான் வரை 2 மில்லிமீட்டர். 250 மைக்ரான் வரை 3 மில்லிமீட்டர். தாத்தா மூன்று துண்டையும் ஒப்பிட வேண்டும். அதனால் மூன்றுக்கும் 2 மில்லிமீட்டரே வைத்துக்கொண்டார்.

மொத்தம் 25 கட்டம். அதனால் ஒரு கட்டம் என்பது நூற்றுக்கு 4 பங்கு. இப்படி மதிப்பெண் போட வேண்டும்:

0 – ஒன்றும் உரியவில்லை. மிக நல்ல பிடிப்பு.
1 – நூற்றுக்கு 5 பங்கு வரை உரிந்தது.
2 – 5-க்கு மேல், 15 வரை.
3 – 15-க்கு மேல், 35 வரை.
4 – 35-க்கு மேல், 65 வரை.
5 – அதற்கும் மேல். பிடிப்பே இல்லை.

பரீட்சையில் மதிப்பெண் கூடினால் நல்லது. இங்கே குறைந்தால் நல்லது. அமெரிக்க முறையில் மட்டும் இது தலைகீழ். அங்கே 5 தான் நல்லது. அதனால் எண்ணைப் பார்க்கும்போது எந்த முறை என்றும் கேட்க வேண்டும்.

முதல் துண்டில் 6 கட்டம் போனது. நூற்றுக்கு 24. மதிப்பெண் 3. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒன்றும் போகவில்லை.

"அப்போ கழுவினா போதும். பிரைமர் செலவு மிச்சம்" என்றார் ஒரு பெண்.

தாத்தா சிரித்தார். "அவசரப்படாதே ஆத்தா. இது காய்ஞ்ச தகரம். நம்ம கூரை மழையில கிடக்குது. மழையையும் கேட்டுடுவோம்."

துண்டுகளை வெளியே கடற்காற்று படும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

பாம்பனும் மண்டபமும்

இப்படித் தொங்கவிட்டுப் பார்ப்பது தாத்தா மண்டபத்தில் கண்டது.

பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. கடலுக்கு நடுவே இரும்புப் பாலம். உப்புக் காற்று ஓயாமல் அடிக்கும். துருவோடு போராடியே அந்தப் பாலத்தை நூறு ஆண்டுக்கு மேல் காப்பாற்றினார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவது நின்றது. பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. புதுப் பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் என்ற சிறப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது 1953-ல் திறக்கப்பட்டது. துருவைப் பற்றி ஆராய்வது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. மண்டபத்தில் அதற்கு ஒரு சோதனை நிலையம் உண்டு. அங்கே உலோகத் துண்டுகளையும் பெயிண்ட் அடித்த துண்டுகளையும் கடற்காற்றில் வைத்துப் பார்ப்பார்கள். எது எத்தனை நாள் தாங்குகிறது என்று குறித்துக்கொள்வார்கள்.

பெரிய பாலங்களிலும் கப்பல்களிலும் இன்னொரு சோதனை செய்கிறார்கள். பெயிண்டின் மேல் ஒரு உலோகப் பொத்தானை வலுவான பசையால் ஒட்டுவார்கள். அது 20 மில்லிமீட்டர் அகலம். ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கும். பிறகு ஒரு கருவியால் அதை நேராக இழுப்பார்கள். எவ்வளவு விசையில் பெயிண்ட் விட்டது என்று கருவி காட்டும். அந்த அளவுக்கு மெகாபாஸ்கல் என்று பெயர். கருவி 5 மெகாபாஸ்கல் காட்டினால், அந்தச் சின்னப் பொத்தானில் சுமார் 160 கிலோ தொங்கியதற்குச் சமம். அதாவது 50 கிலோ அரிசி மூட்டை மூன்றுக்கும் மேல்!

அங்கேயும் பொத்தானைத் திருப்பி அடியைப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் விட்டது என்று பார்ப்பார்கள். எண் முக்கியம். விட்ட இடமும் அதே அளவு முக்கியம்.

"பாலத்துல நான் பிரஷ் பிடிச்ச நேரத்தைவிடச் சுரண்டின நேரம்தான் அதிகம்" என்பார் தாத்தா.

மழை சொன்ன தீர்ப்பு

தை பிறந்தது. மழை விட்டது. துண்டுகளை இறக்கிக் கழுவிக் காயவைத்தார்கள். குழு முழுவதும் கூடியது. இந்த முறை பிளேடைப் பிடித்தவர் தலைவி.

முதல் துண்டில் டேப்போடு பெயிண்ட் முழுவதும் வந்துவிட்டது. மதிப்பெண் 5.

இரண்டாவது துண்டில் 10 கட்டம் போனது. நூற்றுக்கு 40. மதிப்பெண் 4. காய்ந்தபோது நன்றாகப் பிடித்த பெயிண்ட், மழைக்குப் பிறகு கைவிட்டுவிட்டது.

மூன்றாவது துண்டில் ஒரு கட்டத்தின் மூலை மட்டும் போனது. மதிப்பெண் 1.

யாரும் பேசவில்லை. பிறகு தலைவி சொன்னார்:

"அதே டப்பாப் பெயிண்ட் மூணாவது துண்டுல பிடிச்சிருக்கு. அப்போ கடைக்காரர் மேல தப்பு இல்லே. அதே தம்பிதான் மூணையும் அடிச்சார். அப்போ அவர் கை மேலயும் தப்பு இல்லே. கழுவ ரெண்டு நாள் வேணும், பிரைமர் வேணும்னு அவர் அன்னிக்கே கேட்டார். செலவு வேண்டாம், சீக்கிரம் முடின்னு சொன்னது நாமதானே?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் கேட்டது இரும்புக்கு அடிக்கிற சிவப்புப் பிரைமர் அக்கா. அதுவும் எண்ணெய்ப் பசைதான். அதை அடிச்சிருந்தாலும் உரிஞ்சிருக்கும்போல. எனக்கும் இப்பதான் தெரியுது" என்றார் பெயிண்டர்.

பாக்கிக் கூலி அன்றே கொடுக்கப்பட்டது.

மாசியில் வேலை மறுபடி தொடங்கியது. பழைய பெயிண்டை முழுவதும் சுரண்டி எடுத்தார்கள். தகரத்தைக் கழுவி அலசிக் காயவைத்தார்கள். அதற்கே மூன்று நாள் ஆனது. பெயிண்ட் அடிக்க ஒன்றரை நாள்தான் ஆனது. கூரை முழுவதும் அடிக்கும் முன் ஒரு ஓரத்தில் அடித்துக் கோடு போட்டுப் பார்த்தார்கள். பிறகு கீறிய இடத்தில் பிரைமரும் பெயிண்டும் தொட்டு மூடினார்கள்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்றார் தாத்தா. "சோறு குழைஞ்ச பிறகு பதம் பார்த்து என்ன செய்ய?"

நினைவில் வையுங்கள்

பெயிண்ட் அடிக்கும் முன் எண்ணெய், தூசி, உப்பு, ஈரம், துரு ஐந்தையும் நீக்குங்கள்.

துத்தநாகத் தகரத்துக்கு அதற்கென்று உள்ள பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியும்.

முதலில் ஒரு சிறிய இடத்தில் அடித்துச் சோதியுங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய பெயிண்டை நனைத்துச் சுரண்டுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

ஈரக் கூரை மேல் ஏறாதீர்கள்.

பதில் சொல்லுங்கள்

1. உரிந்த சருகின் அடியில் துரு ஒட்டியிருந்தால் பிடிப்பு எங்கே விட்டது?

2. மூன்று துண்டுக்கும் ஒரே டப்பாப் பெயிண்டை அடித்தது ஏன்?

3. 25 கட்டத்தில் 3 கட்டம் உரிந்தால் நூற்றுக்கு எத்தனை? மதிப்பெண் என்ன?

4. ஒரு வாரத்தில் செய்த சோதனையை மட்டும் நம்பியிருந்தால் குழுவுக்கு என்ன நடந்திருக்கும்?

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் பெயிண்ட் உரிந்த ஒரு கதவையோ, படகையோ, சுவரையோ தேடுங்கள். ஒரு சருகை எடுத்து அடியைப் பாருங்கள். தகரம், துரு, சுண்ணாம்பு, கீழ்க் கோட் இவற்றில் எது தெரிகிறது? கண்டதை நான்கு வரியில் எழுதி, குழுவில் படித்துக் காட்டுங்கள்.